வருஷத்துக்கு ஒரு பாட்டில்

என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எழுபதுகளில் புதுச்சேரியில் எங்கள் தெருவில் மட்டும் அப்படி நான்கு வீடுகள். ஆண்கள் அங்கே, பெண்கள் இங்கே. பதினோரு மாதம் கடிதம் வரும், ஆகஸ்டில் ஆள் வருவார். நானும் கூடப் போயிருக்கலாம். மாமியார் படுத்த படுக்கையாகிவிட்டதால் போகவில்லை.

லீவில் வரும்போதெல்லாம் ஒரு பாட்டில் கொண்டுவருவார். விஸ்கியில் தேனும் ஏதோ மூலிகையும் சேர்த்த இனிப்பு மது. "அங்க பொம்பளைங்களும் குடிப்பாங்க, பயப்படாத" என்று முதல் தடவை அவரே ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகுதான் குடிக்க வேண்டும், மடக்கென்று விழுங்காமல் நாக்கில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், பால் விடாத காபியில் ஒரு ஸ்பூன் ஊற்றினால் தனி ருசி என்றெல்லாம் சொல்லித் தந்தார். கிளாசோடு கிளாசை முட்டி, உடம்பு நல்லா இருக்கட்டும் என்று பிரெஞ்சில் "சந்த்தே" சொல்வோம். கிளம்பும் அன்று, முக்கால்வாசி மிச்சமிருக்கும் பாட்டிலை அலமாரியில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் வெச்சிக்கோ" என்பார்.

அதையே நான் கணக்காக்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருக்கதவைச் சாத்திவிட்டு ஒரு சின்ன கிளாஸ். ஊரெல்லாம் சாராயக்கடை இருந்தாலும் பெண்பிள்ளை குடித்தால் பேச்சு வேறு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. முட்டுவதற்கு இன்னொரு கிளாஸ் இல்லாததால் பாட்டிலோடு முட்டி, மெதுவாக "சந்த்தே" சொல்வேன். ரஸ்க்கைத் தோய்த்துத் தின்பது என் கண்டுபிடிப்பு. பிரெஞ்சுக்காரன் பார்த்தால் திட்டுவான், திட்டட்டும்.

மாமியாருக்குச் சளி கட்டினால் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலந்து, சீமை மருந்து என்று கொடுப்பேன். கள்ளுக்கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷி. "இந்த மருந்து நல்லா கேக்குதுடி" என்பார். பிறகு சளி இல்லாத நாளிலும் இருமிக் காட்டுவார். அந்த வீட்டில் நான் சிரித்ததெல்லாம் அந்த இருமலுக்குத்தான்.

எண்பத்தொன்றோ எண்பத்திரண்டோ, ஒரு வருஷம் தனிமை தாங்கவில்லை. கடிதம் வருவதும் குறைந்திருந்தது. பாட்டில் காலியானால் அவர் வந்துவிடுவார் என்று என் புத்தியில் எப்படியோ ஏறிவிட்டது. ஞாயிறு போதாமல் புதன், புதன் போதாமல் வெள்ளி என்று குடித்தேன். போதைக்காக இல்லை, நாளைத் தள்ளத்தான். பிப்ரவரியிலேயே பாட்டில் காலி. அவர் என்னவோ வழக்கம்போல ஆகஸ்டில்தான் வந்தார்.

"இந்தத் தடவ ஆறு மாசம்கூட வரல, தீந்துபோச்சுங்க" என்று அவரிடம் சொன்னேன். எவ்வளவு ஏங்கினேன் என்று அதிலேயே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லையே, நல்லா பழகிட்ட" என்றார்.

அடுத்த ஆகஸ்டில் பெட்டியைத் திறந்ததும் இரண்டு பாட்டில் எடுத்து மேசைமேல் வைத்தார். "போன தடவ பத்தலன்னியே." எனக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னதை ஒரு வருஷம் ஞாபகம் வைத்திருந்தாரே என்று பூரித்துப்போனேன். சோறு போடும்போது இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார். "என்னை ஒரு தீவுக்கு மாத்திட்டாங்க. ரொம்ப தூரம். இனிமே ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவதான் லீவு. அதான் ரெண்டா வாங்கியாந்தேன்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டில்களைப் பார்த்தார். "பத்துமில்ல?"

எனக்குப் பத்தாமல் போனது அவர்தான். அதை வாய்விட்டுச் சொல்ல என்னை யாரும் பழக்கியிருக்கவில்லை.

"பத்தும்" என்றேன்.