இடது பக்கத்து வெளிச்சம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாத முகூர்த்த நாள். தெமோதரைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பரா ஒன்றுக்குள், ஒரு பழைய கேமரா பிளாஷோடு நான் மல்லுக்கட்டிய கதை இது.

நான் பதுளையிலிருந்து தினமும் பஸ் பிடித்து, அந்தத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு என்றால் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன். அந்தப் பெருமையில்தான் மாட்டிக்கொண்டேன்.

கல்யாணப் பெண் என்னிடம் படித்தவள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பாடசாலைக்கே என்னைத் தேடி வந்தாள். அவளுடைய அப்பாவுக்கு என் வயதுதான் இருக்கும். முந்தின வருடம் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கண்ணும் அந்தப் பக்கமாகத் தொங்கிவிட்டன. யாரோ போனில் எடுத்த தன் படத்தைப் பார்த்தவர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். அதிலிருந்து யார் போனைத் தூக்கினாலும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறார்.

“கோயிலுக்கு அப்பாவத் தூக்கிட்டுப் போக முடியாது சேர், படி அம்புட்டும் செங்குத்து. நான் பொறப்படுறதுக்கு முன்னாடி வீட்டுலயே அவரோட ஒரு படம் வேணும். அதப் பாத்துட்டு அவரு மொகத்தத் திருப்பக்கூடாது” என்றாள்.

“அதுக்கென்ன, செஞ்சிடலாம்” என்று சொல்லிவிட்டேன். மனதில் கணக்கும் போட்டாயிற்று. நல்ல பக்கமான வலது பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால், தொங்கிய பக்கம் நிழலுக்குள் போய்விடும். அதற்கு பிளாஷ் கேமராவின் தலையில் இருக்கக்கூடாது. தள்ளி, பக்கவாட்டில் இருக்க வேண்டும். என் கேமராவோ பதினைந்து வருடப் பழசு. இப்போது கிடைக்கிற வயர் இல்லாத கருவிகள் எதுவும் அதோடு ஒத்துப்போகவில்லை. தேடித் தேடிக் கடைசியில் ஒரு பழைய பிளாஷ் கிடைத்தது. அதன் முன்பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கண். கேமராவிலேயே இருக்கும் குட்டி பிளாஷ் லேசாக மின்னினால் போதும். அந்தக் கண் அதைப் பார்த்து, தானும் பளிச்சென்று மின்னும். ஒரு வாரம் வீட்டு மேசையில் வைத்துப் பழகினேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. “வீட்டுக்குள்ள ஒரே மின்னலா இருக்கு, மழையத்தான் காணோம்” என்று மனைவி கேலி பண்ணினாள்.

கல்யாணத்தன்று வெளியே மூடுபனி. காம்பராவுக்குள் பட்டப்பகலிலேயே லைட் போட்டிருந்தார்கள். அப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். உடம்பு இடது பக்கமாகச் சரிந்துவிடும் என்பதால் மகள் அந்தப் பக்கம் நின்று தோளைத் தாங்கிக்கொண்டாள்.

“பத்து நிமிசத்துக்கு மேல குந்தியிருக்க மாட்டாரு சேர்” என்றார் அவளுடைய அம்மா.

வீட்டில் பிளாஷின் தலையை மட்டும் வெள்ளைக் கூரையைப் பார்க்க மேலே நிமிர்த்தி வைத்துத்தான் பழகியிருந்தேன். இங்கே கூரை, புகை ஏறிக் கறுத்த தகரம். ஆனால் சுவருக்குக் கல்யாணத்துக்கென்று புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அதனால் அவருக்கு வலது பக்கம் ஓர் அரிசி டின்னின் மேல் பிளாஷை முழுதாகச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பதமாக இருக்கும் என்று நினைத்து அமுக்கினேன். கேமரா மின்னியது. டின் மேல் இருந்த பிளாஷ் மின்னவில்லை. மறுபடி அமுக்கினேன். பெட்டரி மாற்றினேன். துடைத்தேன். தட்டினேன். ம்ஹூம். பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ரோட்டில் நின்ற வேன் ஹோர்ன் அடித்தது. “போன்ல எடுத்துட்டு வாங்க, நேரமாவுது” என்று வாசலிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அப்பாவின் வலது கை மடியில் கிடந்த துண்டைத் தேடிப் போனது.

“அப்பா, துண்ட விடுங்க. படம் எடுக்காம நான் வேன்ல ஏற மாட்டேன்” என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “சேர், அந்தச் செவப்புக் கண்ணு எந்தப் பக்கம் இருக்கு?”

“முன்பக்கம்.”

“அப்ப அது செவத்தல்ல பாத்துக்கிட்டு இருக்கு? வெளிச்சம் நேர்கோட்டுலதான் போகும்னு நீங்கதானே சேர் சொல்லிக் குடுத்தீங்க.”

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. வருடா வருடம் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டுகிற விஷயம்! பிளாஷைத் திருப்பினால் வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்குமே என்று நான் இழுத்தேன். அதற்குள் அவள், சற்று முன் பொட்டு வைக்கப் பார்த்த கண்ணாடியை அம்மாவிடம் கொடுத்து, பிளாஷுக்கு எதிரே சுவரோரமாகச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள்.

“இப்ப கண்ணாடியில செவப்புத் தெரியுதா சேர்?”

தெரிந்தது. அமுக்கினேன். காம்பரா முழுவதும் பளிச்சென்று வெளிச்சமானது.

படம் நான் நினைத்த மாதிரியே வந்திருந்தது. வலது கன்னம் அழகான வெளிச்சத்தில், இடது பக்கம் நிழலில். பெருமை தாங்கவில்லை. கேமராவை அப்படியே அவர் கண்ணுக்கு நேரே கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை. வெகுநேரம் பார்த்தார்.

“புள்ளையக் காணோமே சேர்” என்றார், குழறிய பேச்சில்.

உண்மைதான். இடது பக்கம் நின்ற மகளும் அதே நிழலுக்குள் போயிருந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவேயில்லை. அவளை வலது பக்கம் வந்து நிற்கச் சொன்னேன். அவள் கையை எடுத்ததும் அவர் சரியத் தொடங்கினார். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டரில் போட்டுச் சரிபண்ணித் தருகிறேன் என்றேன்.

“வேணாம். வெளிச்சத்த இந்தப் பக்கம் கொண்டாங்க” என்றார் அப்பா.

“அப்படிச் செஞ்சா ஒங்க மொகம்...”

“தெரியட்டும் சேர். கல்யாணம் அவளுக்கு, எனக்கில்ல” என்றார். துண்டை எடுத்து மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கித் தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டார்.

டின், பிளாஷ், கண்ணாடி எல்லாவற்றையும் இடது பக்கம் மாற்றினோம். இரண்டாவது படத்தில் தொங்கிய கண், கோணிய வாய் எல்லாமே தெரிந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மகளின் முகம், ஒரு துளி நிழல் இல்லாமல். அதைக் காட்டக் கேமராவை அவர் கையில் கொடுத்தபோது அவர் தன்னைப் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேன் மூன்றாவது முறை ஹோர்ன் அடித்த பிறகுதான் கேமராவைத் திருப்பித் தந்தார்.

அந்த இரண்டாவது படத்தைத்தான் அவர்கள் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஒருவருடைய முகத்தில் எதை மறைத்தால் அவர் சந்தோஷப்படுவார் என்று நானாகவே முடிவு செய்வதை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் கேமராவைத் தூக்குவதற்கு முன், இந்தப் படத்தில் நீங்கள் யாரைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.