கீழே மிதித்துப் பழகிய கால்

அந்த மோட்டார் சைக்கிளை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் அதன் இழுவைக்காக என்றுதான் சொல்லிவந்தேன். அறுநூற்றைம்பது சிசி, இரட்டைச் சிலிண்டர், லேசாகத் திருகினாலே இழுத்துக்கொண்டு ஓடும், முன்னால் காற்றைத் தடுக்க மூடி எதுவும் கிடையாது, எஞ்சின் எலும்பும் நரம்புமாக வெளியே தெரியும், அதனால்தான் இந்த ரகத்தை நேக்கட், அதாவது அம்மணம், என்கிறார்கள் என்றெல்லாம் விளக்குவேன். அத்தனையும் உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. எங்கள் ஊர் கூலாயில் நான் போன மோட்டார் கடையில் அந்த ரகத்தில் நான்கு வண்டிகள் நின்றன. மூன்றில் ஏறி உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டவில்லை.

முதலில் ஏறியது நான்கு சிலிண்டர் வண்டி. பார்க்கப் பாயப்போகும் மிருகம் மாதிரி இருந்தது. காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து, ஏதோ பிறந்ததிலிருந்து ஓட்டுகிறவன் போல நிமிர்த்தினேன். நிமிர்ந்தது, மறுபக்கம் சாயவும் ஆரம்பித்தது. என் கால் தரையைத் தேடியது. தரை கிடைப்பதற்குள் கடை முதலாளியான தவுக்கே ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்திவிட்டார். அவருடைய மறு கையில் கோப்பி இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நான் வாசலில் என் சின்ன மோட்டார் கப்சாயில் வந்து இறங்கியதையும், காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்ததையும் அவர் முன்பே கவனித்திருக்க வேண்டும். அடுத்த இரண்டிலும் கால் எட்டாமல் போனதும் என்னைக் கடைசி வண்டியிடம் அழைத்துப்போனார். அதன் இருக்கை தாழ்வு. இரண்டு பாதங்களின் முன்பாதி தரையில் பட்டது. அந்த அரைப் பாதத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஓடாத வண்டியின் மீதே பயந்தவனுக்கு ஓடும் வண்டி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இருபத்திரண்டு வருடம் கப்சாய் ஓட்டியவன் நான். சின்ன எஞ்சின், முன்னால் ஒரு கூடை, மழையோ வெயிலோ கூலாயிலிருந்து சேனாய் தொழிற்சாலைக்குப் போய்வருவேன். என் பிரிவில் வேலைசெய்யும் நண்பன் ஒருவன் பெரிய மோட்டார் வைத்திருக்கிறான். ஒருநாள் கேண்டீனில் அவன் தன் வண்டியைப் பற்றி அளந்துகொண்டிருந்தபோது, அடுத்த மாசம் நானும் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சும்மா சொன்னதுதான். ஆனால் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாய் திறந்தால் பின்வாங்கும் கதவையும் சேர்த்துச் சாத்திவிடும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. மோட்டார் ஓட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன். கப்சாயில் கியர் ஏற்ற வேண்டுமென்றால் இடது காலால் கீழே மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்க கியர் ஏறும். பெரிய மோட்டாரில் தலைகீழ். கியர் ஏற்ற, கால் பெருவிரலால் கியர் நெம்புகோலை மேலே தூக்க வேண்டும். கீழே மிதித்தால் கியர் இறங்கிவிடும். பெரிய லைசென்ஸுக்காகப் பயிற்சித் திடலில் போய்ப் பழகினேன், பாஸும் ஆனேன். ஆனால் அந்தத் திடலில் இரண்டாவது கியருக்கு மேல் வேலையே இல்லை. எது மேலே எது கீழே என்று என் தலைக்குப் புரிந்தது. காலுக்கு யாரும் பரீட்சை வைக்கவில்லை.

முதல் மாதம் முழுவதும் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. மேட்டில் சிவப்பு விளக்கு விழுந்தால் தரையைத்தான் முதலில் பார்ப்பேன். காரணம், மேட்டில் அரைப் பாதம் கால் பாதமாகிவிடும். சாலையில் வண்டிகள் சேர்வதற்குள் போய்விடலாம் என்று அரை மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டேன். எஞ்சின் சூடாக வேண்டும், பெரிய மோட்டார் அப்படித்தான் என்று வீட்டில் விளக்கம் வேறு. தொழிற்சாலையில் கேண்டீன் ஜன்னலுக்கு நேராக நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றும்போது முகத்தைச் சரிசெய்துகொள்வேன். உள்ளே நண்பன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். நானும் தூக்குவேன். 

விற்றுவிடலாம். ஆனால் என்ன சொல்லி விற்பது? உலகத்தில் இதற்கு ஒரே ஒரு கௌரவமான காரணம்தான் உண்டு. வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள். இதைச் சொன்னால் எந்தக் கேண்டீனும் எழுந்து நின்று அனுதாபப்படும். அதனால் என் மனைவி தடுப்பாள் என்று நாளெல்லாம் காத்திருந்தேன். அவள் தடுக்கவில்லை. அவள் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் தூக்கி ஒதுக்கிவிடுவாள், ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் ஒதுக்கமாட்டாள். ஒரு தடவை அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தூரமாகப் போய்வர வேண்டும், அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று சொல்வதாகச் சொன்னாள்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நெடுஞ்சாலைக் காற்று ஒன்றே போதும், பத்து நிமிடத்தில் வேண்டாம் என்பாள், திங்கட்கிழமை சோகமான முகத்தோடு கேண்டீனுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. என் பயத்திலிருந்து தப்பிக்க அவளைப் பயமுறுத்தத் துணிந்திருக்கிறேன்.

தீபாவளிக்குத் துணியெடுக்க என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலை வழியாக, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்குக்குப் புறப்பட்டோம். அந்த வண்டியில் பின்னிருக்கை ஒரு ரொட்டித் துண்டு அளவுதான். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அவள் என் இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். செம்பனைத் தோட்டம் மறைத்திருக்கும் வரை காற்று அடங்கிக் கிடக்கும். தோட்டம் முடிந்து வெட்டவெளி வந்ததும் பக்கவாட்டில் வந்து தள்ளும். லாரி தாண்டிப் போகும்போது முதலில் இழுக்கும், பிறகு அறையும். ஒவ்வொரு லாரிக்கும் நான் பல்லைக் கடித்தேன். பின்னால் சத்தமே இல்லை. தங்காக்கில் இறங்கி மூன்று கடை ஏறி இறங்கி, புடவை பார்த்து, கடைசியில் ஆறு மீட்டர் ஜன்னல் திரைத்துணி வாங்கினாள். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பாலில்லாத தே-ஓ குடிக்கிற சாக்கில் உட்கார்ந்து, திரும்பும் நேரத்தைத் தள்ளிப்போட்டேன்.

திரும்பும்போது பாகோ ஊரைத் தாண்டியதும் முன்னால் வானம் கறுத்தது. ஒதுங்க இடம் தேடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி, அதன் சக்கரம் வாரி இறைக்கும் தண்ணீரில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பின்னால் இன்னொரு லாரி, ஹார்ன் அடித்துக்கொண்டே நெருங்கியது. நடுவில் நாங்கள் இருவரும் திரைத்துணியும். மழைக்காகக் குறைத்திருந்த கியரை ஏற்றி, பக்கத்துத் தடத்துக்குப் போய் முன் லாரியைத் தாண்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். தலை ஏற்று என்றது. கால் மிதித்தது.

எஞ்சின் அலறியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வண்டியின் வேகம் செத்தது. அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் மோதியது. ஐயோ கியர் ஏறவில்லை என்று என் கால் தானாகவே முடிவுசெய்து, இன்னொரு முறை மிதித்தது. பின்சக்கரம் இறுகி, ஈரத்தில் வழுக்கி, வண்டியின் வால் இடதுபக்கம் ஒரு வீச்சு, வலதுபக்கம் ஒரு வீச்சு வீசியது. ஹார்ன் சத்தம் என் முதுகுக்கு வந்துவிட்டது. இல்லை, என் முதுகுக்கு அல்ல. என் முதுகுக்கும் அந்த லாரிக்கும் நடுவில் அவள் இருந்தாள். அதுவரை நான் பட்ட பயமெல்லாம் என் எலும்பைப் பற்றியது. அந்த ஒரு நொடியில் வந்ததுதான் பயம். 

கிளட்ச்சைப் பிடித்தேனா, அதுவாக நேரானதா, தெரியாது. பின்னால் வந்த லாரி விலகிப் போனது. ஓரத்துத் தடத்தில் தவழ்ந்து, மோட்டார்க்காரர்கள் மழைக்கு ஒதுங்கும் மேம்பாலத்தடிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே ஏழெட்டுக் கப்சாய்கள் நின்றன. நான் வண்டியை நிறுத்தி, இறங்க முடியாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். மழைக்கோட்டுப் போட்ட மலாய்க்காரர் ஒருவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்து, அழகான மோட்டார், எவ்வளவு போகும் என்று மலாயில் கேட்டார். நன்றாக இழுக்கும் என்றேன். அந்த நிலையிலும் அப்படித்தான் சொன்னேன், பாருங்கள்.

அவர் நகர்ந்ததும் அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சுங்க?"

"ரோடு வழுக்கிருச்சு."

"ரோடு இல்ல. உங்க காலு. ரெண்டு தடவ கீழ மிதிச்சீங்க, நான் பாத்தேன். கப்சாய் மாதிரி."

அவளும் கப்சாயில்தான் வேலைக்குப் போகிறாள். அவளிடம் சாலை மேல் பழி போட முடியாது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு பயமா இருக்கு. வாங்குன நாள்லேர்ந்தே."

"தெரியும்லா. காலையில ரெண்டு தடவ டாய்லெட் போறீங்க. அதுவும் எஞ்சின் சூடாகவா?"

"தெரிஞ்சும் ஏன் வேணாம்னு சொல்லல?"

"நான் சொல்லணும்னுதானே உட்காந்திருக்கீங்க. நான் சொன்னா, கேண்டீன்ல என் பேர போட்டு வித்துட்டு நீங்க வீரனாவே இருப்பீங்க. விக்கிறதுன்னா வித்துடுங்க. ஆனா பயந்து விக்கிறேன்னு உங்க வாயால சொல்லணும். என் பேரு வரக் கூடாது."

அப்படியானால் இன்றைய பரீட்சையின் முடிவு என்ன என்று கேட்டேன். சிரிப்பாளென்று பார்த்தேன்.

"மோட்டாரு பாஸ். ஆளு ரிஜெக்ட்."

சிரிக்கவில்லை.  பையைத் திறந்து திரைத்துணி நனைந்துவிட்டதா என்று பார்த்தாள்.

மழை விட்டதும், பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் மறுபடியும் அந்த ரொட்டித் துண்டின் மேல் ஏறி உட்கார்ந்து என் பெல்ட்டைப் பிடித்தாள். லாரியைவிட அதுதான் என்னை அதிகம் மிரட்டியது. கூலாய் வரும்வரை நான் கியர் ஏற்றும் ஒவ்வொரு முறையும் காதருகே "மேல, மேல" என்று சத்தம்போட்டுக்கொண்டே வந்தாள். வேகம் அறுபதைத் தாண்டவில்லை. மேம்பாலத்தடியில் என் வண்டியை மெச்சியவர் வழியில் கப்சாயில் எங்களைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்த்தார்.

அடுத்த நாளே விற்றிருக்க வேண்டும். நான்கு மாதம் விற்கவில்லை. பயம் என்று சொல்லப் பயந்து, பயந்து பயந்து ஓட்டினேன். ஒவ்வொரு காலையிலும் உண்மை வாய்வரை வரும், கேண்டீன் வாசலில் கட்டைவிரலாக மாறிவிடும்.  நான் புறப்படும்போது அவள் வாசலுக்கு வந்து நிற்பாள், நான் முனை திரும்பும்வரை உள்ளே போகமாட்டாள். அதை நான் கண்ணாடியில் பார்ப்பேன் என்பது அவளுக்குத் தெரியாது.

கடைசியில் நண்பன்தான் என்னை மூலையில் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மோட்டாரில் மூவாருக்குப் பசியாறப் போகிறோம், ஜோடி ஜோடியாக, நீங்களும் அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றான். பின்னிருக்கையில் அவள். முதுகில் ஹார்ன். என் வாய் பழக்கதோஷத்தில் அந்தக் கௌரவமான காரணத்தை எடுத்துவிட்டது.

"வீட்டுல..." என்று ஆரம்பித்தேன். நிறுத்தினேன். "இல்ல. எனக்கு பயமா இருக்கு. விக்கப்போறேன்."

மேசையே குலுங்கிச் சிரித்தது. இத்தனை வருடம் கேண்டீனில் நான் அவிழ்த்துவிட்ட நகைச்சுவைகளிலேயே அதற்குத்தான் சிரிப்பு அதிகம். இன்னொரு முறை சொன்னேன், இன்னும் சிரித்தார்கள். மூன்றாம் முறை, நெடுஞ்சாலை, மழை, லாரி, என் கால் செய்த வேலை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சிரிப்பு அடங்கியது.  நண்பன் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டு, என் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணி திட்டுனாங்களா, அண்ணே?"

இல்லை என்றேன். அவன் புரிந்துகொண்டவன் போலத் தலையாட்டினான். நான் மறுக்க மறுக்க அவன் இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டான். பாவம், விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று பக்கத்தில் இருந்தவனிடம் மெச்சினான். மத்தியானத்துக்குள் பெயின்ட் பிரிவுவரை செய்தி போய்விட்டது: அண்ணி மோட்டாரை விற்கச் சொல்லிவிட்டார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். என் மனைவியின் தொழிற்சாலையில் எங்கள் ஆட்களின் மனைவிமார் நான்கு பேர் வேலைசெய்கிறார்கள். என் பேரு வரக் கூடாது என்றவளுக்கு இந்நேரம் செய்தி எட்டியிருக்கும்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. மழை இல்லை, லாரி இல்லை, சாலை காய்ந்து கிடந்தது. அந்த வண்டியில் நான் ஆக மெதுவாக வீடு திரும்பியது அன்றுதான்.