சுடலையில் உடையாமல் நின்றவள்

இது நடந்தது. சண்டிலிப்பாயில், பட்டப்பகலில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த ஒரு அறையில் நடந்தது. பேய் என்றால் அமாவாசையும் புளியமரமும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். உங்களை நம்பவைத்து சிவகௌரிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

சிவகௌரி நல்லூரில் ஒரு வீடியோக் கடையில் எடிட்டிங் செய்பவள். கல்யாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் அவள் கையால் வெட்டி ஒட்டித்தான் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும். போன மாசியில் அவள் புருஷன் சுபாஸ்கரன், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அந்தச் செத்தவீட்டையும் கடைக் கமராக்காரன் சப்ரான்தான் எடுத்தான். சிவகௌரி அழவில்லை. அன்றும் இல்லை, எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் கதைத்தது. அதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து குழம்பில் உப்புத் தெரிவதில்லை, கொதிதண்ணீர் பட்டால் கை சுடுவதில்லை.

சுபாஸ்கரனின் தாய் தங்கமுத்து அந்த நாளில் இடுப்பெலும்பு முறிந்து தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் மருமகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கட்டிலுக்கு எதிரே இருக்கும் தன் பழைய டிவிடி பிளேயரில் முழுச் செத்தவீட்டையும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரே தட்டில்.

"இடையிலை தட்டு மாத்தக் கூடாது, பிள்ளை. அவனை நடுவழியிலை இறக்கி வைச்ச மாதிரிப் போயிடும்."

ஏழு மணித்தியால வீடியோ. ஒரு தட்டில் நல்ல தரத்தில் இரண்டு மணித்தியாலம்தான் கொள்ளும். மிச்சத்தையும் அடக்க ஒரே வழி பிட்ரேட்டைக் குறைப்பது, அதாவது ஒவ்வொரு செக்கனுக்கும் எழுதும் விபரத்தைச் சுருக்குவது. சுருக்கச் சுருக்க, படத்தில் அசைகிறதெல்லாம் சதுரம் சதுரமாக உடையும். அசையாதது மட்டும் தெளிவாக நிற்கும். கணக்குப் பார்த்தால் ஆயிரத்து முந்நூறு கிலோபிட்டுக்கு இறங்க வேண்டும். அந்தக் கிழட்டுப் பெட்டி அதைத் தாங்குமா, இடறி நின்றுவிடுமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சோதிப்பதற்கு எப்போதும் ஆக அதிகமாக அசைகிற துண்டைத்தான் எடுப்பார்கள். இந்த வீடியோவில் அது நெருப்பு. தன் புருஷனுக்கு ஆண்கள் கொள்ளி வைக்கும் ஐந்து நிமிடத்தைச் சிவகௌரி வெட்டி எடுத்தாள். யாரோ ஒருவரின் கல்யாணவீட்டில் கேக் வெட்டுவதைப் பிரித்தெடுப்பது போலத்தான் எடுத்தாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதால் அவளும் அதை அதுவரை பார்த்ததில்லை. பாடை வாசல் படலையைத் தாண்டியபோது அவள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

அழித்து அழித்து எழுதக்கூடிய தட்டு ஒன்றில் முதல் சோதனை. மூவாயிரம். தடையில்லாமல் ஓடியது. புகைக்குப் பின்னால், மதிலோரம், நீலமாக ஏதோ தெரிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாயிரம். ஆட்களின் ஓரங்கள் உடைந்தன. நீலம் உடையவில்லை. அது ஒரு பெண்.

"ஆர் உந்தப் பொம்பிளை?" என்றாள் தங்கமுத்து கட்டிலில் இருந்து.

சிவகௌரி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கணினியில் மூல வீடியோவைத் திறந்து பார்த்தாள். வெறும் மதில். சப்ரானுக்கு போன் எடுத்தாள். சுடலையில் ஒரு பெண்ணும் நிற்கவில்லை என்று அவன் சத்தியம் பண்ணினான்.

ஆயிரத்து முந்நூறு. பெட்டி இடறவில்லை. வேலை முடிந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்... அவள் நிறுத்தவில்லை. குறைக்கக் குறைக்க அந்தப் பெண் தெளிந்துகொண்டு வந்தாள்.

எண்ணூறு. கமரா பக்கவாட்டில் திரும்பியது. மதில் உடைந்தது. பனைகள் உடைந்தன. கொள்ளிக்குடம் சுமந்த மைத்துனன் வெறும் சதுரக் குவியலானான். அவள் மட்டும் உடையவில்லை. நீலச் சேலை. ஈரம் காயாத தலை.

அன்று சிவகௌரி உடுத்திருந்த சேலை அது.

"நீயெல்லோ, பிள்ளை," என்றாள் தங்கமுத்து. "பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை எண்டு உனக்குத் தெரியாதே?"

"நான் போகேல்லை, மாமி."

நானூறு. தட்டை உள்ளே தள்ளினாள். கிர்ர்... கிர்ர்... பெட்டி தேடியது.

படம் வந்தது. கொள்ளி வைத்தார்கள்.

அப்படியே நின்றது. மூலையில் கமரா பதித்த மணி, பிற்பகல் 2.52. சத்தமும் இல்லை.

நெருப்பு அசையவில்லை. புகை அசையவில்லை.

நீலச் சேலைக்காரியின் தலை திரும்பியது.

மெதுவாக...

அழுதுகொண்டிருந்தாள்.

சிவகௌரி தன் கன்னத்தைத் தொட்டாள். காய்ந்திருந்தது. பிறகு வயரைப் பிடுங்கினாள்.

மறுநாள் ஆயிரத்து முந்நூறில் முழுவதையும் எழுதிக் கொடுத்தாள். வேறென்ன செய்வது? கிழவி காத்துக்கொண்டிருந்தாள். தட்டு எங்கும் இடறவில்லை. கடைசியில் ஆண்கள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்கிறார்கள். மதிலோரம் நீலம் அங்கேயே நிற்கிறது. அவர்களோடு வரவில்லை.

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு உதயகலா பால் கொண்டு வந்தாள். படலையில் தான் விழுந்தபின் என்ன நடந்தது என்று சிவகௌரி முதல்முறையாகக் கேட்டாள். உதயகலா சொல்ல மனமில்லாமல் பால் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"உனக்கு மூச்சில்லை, கௌரி. மூக்கிலை கை வைச்சுப் பாத்தனாங்கள். சுடலைக்கு ஆள் அனுப்புவம் எண்டு நிக்க, டக்கெண்டு கண் முழிச்சனீ. உங்கடை மணிக்கூட்டைப் பாத்தனான். மூண்டு மணிக்கு எட்டு நிமிசம் இருந்தது."

"பிறகு?"

"எழும்பி எங்களையெல்லாம் வடிவாப் பாத்தனீ. இது ஆரின்ரை வீடு எண்டு கேட்டனீ."

சிவகௌரி பாலை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். உள்ளறையில் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆண்கள் வீடு திரும்பும் இடம் வந்துவிட்டது என்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது.

தங்கமுத்துவின் குரல் கேட்டது.

"பிள்ளை, பொழுதுபடுகுது. எல்லாரும் வந்திட்டினம். நீயும் வீட்டை வா, மோனை."

சிவகௌரி பாலை அடுப்பில் ஏற்றினாள். தன்னைக் கூப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.