மணிலாவுக்குப் போன சப்பாத்து

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு, காயத்துக்கு மருந்து கட்ட ஒரு பிலிப்பைன்ஸ் தாதி லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆறு முறை வந்தார். இரண்டாம் முறை வந்தபோது வாசலில் நின்று தொலைபேசியில் மகளோடு தகலாக் மொழியில் பேசினார். எனக்குப் பிடிபட்ட ஒரே சொல் ‘சப்பாத்தோஸ்’. என்னவென்று கேட்டேன். தன் காலணியைக் காட்டினார். சப்பாத்து.

அதன் பிறகு காயத்தை மறந்தேன். அவர் கட்டை அவிழ்க்க, நான் வீட்டுச் சாமான்களைக் காட்டிக்காட்டிக் கேட்டேன். எங்கள் மேசை அவர்களுக்கு மேசா. சமைக்கும் குசினி, குசினா. துடைக்கும் துவாய், துவால்யா. உட்காரும் நீள வாங்கு, பாங்கோ. பொத்தான், புத்தோனெஸ். ஐந்தாம் வருகைக்குள் ஆறு சொற்கள். சோழர் கப்பல் போகாமல் இது எப்படி நடக்கும்? மூத்தோர் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ‘மணிலாவில் தமிழ்’ என்று அறிவித்தல் அடித்து ஒட்டிவிட்டார்.

கடைசி வருகை சனிக்கிழமை. மறுநாள் நான் பேசப்போவதன் சாரத்தைத் தாதிக்குச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அங்கிள், அதெல்லாம் ஸ்பானிஷ். முந்நூறு வருஷத்துக்கு மேல் எங்களை ஆண்டவர்கள். சும்மாவா போவார்கள்?”

தமிழ் அகராதியை எடுத்தேன். எங்கள் ஆறு சொற்களுக்கும் எதிரே ‘போர்த்துக்கீசம்’ என்றிருந்தது. போர்த்துக்கீசரும் ஸ்பானியரும் அயல்வீட்டுக்காரர்; ஒருவன் எங்களிடம் விட்டுப்போனதை மற்றவன் அவர்களிடம் விட்டுப்போயிருக்கிறான். சங்கத்தில் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் இருக்கிறார். போன முறை என் பேச்சில் மூன்று பிழை பிடித்தவர். உண்மையில் இரண்டுதான்.

“முழங்கால் நோகுதெண்டு சொல்லிப்போட்டுப் படுங்கோ,” என்றாள் மனைவி.

“நோகேல்லையே.”

“அப்ப போய் வாங்கிக் கட்டுங்கோ.”

போனேன். என்னோடு முப்பத்துநான்கு பேர். உள்ளதைச் சொன்னேன். இருபது நிமிடப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

“அப்ப அவை எங்களிட்டை ஒண்டும் எடுக்கேல்லையோ?” என்று தலைவர் கேட்டார்.

“நான் விசாரிச்ச ஆறிலை ஒண்டுமில்லை.”

பொறியியலாளர் கை உயர்த்தினார். நான் மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“ஆறும் சரி. அறிவித்தலைக் கண்ட உடனை நானும் தேடிப் பாத்தனான். அண்ணை அதிலை உள்ளமாதிரிப் பேசியிருந்தா விட்டிருக்கமாட்டன்.”

கூட்டம் தேவாரத்தோடு தொடங்குவதால் எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிடுவது வழக்கம். எனக்கோ குனிய ஏலாது. கூட்டம் முடிந்ததும் பொறியியலாளர் அறுபத்தெட்டுச் சப்பாத்துகளுக்குள் தேடி, என்னுடையதைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

“உங்கடை போர்த்துக்கீசர் இவைதானே அண்ணை? ரெண்டும் இருக்கோ எண்டு எண்ணிப் பாருங்கோ.”

எண்ணினேன். இரண்டும் இருந்தன.