சூஸி என்று சொன்னதால் மீந்த பஜ்ஜி

இன்று என் பெண்ணைப் பார்க்க அனந்தபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க பொண்ணு ரொம்ப சூஸிங்க" என்று இங்கிலீஷில் பெருமையடித்தேன்.

நல்லதாகப் பார்த்து எடுப்பவள் என்று அர்த்தம் என நினைத்திருந்தேன். கத்தரிக்காயைக்கூட திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாள்.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"அப்ப எது செஞ்சாலும் குறை சொல்லும்னு சொல்றீங்களா?"

காபி கொண்டுவந்த மகள் என் பக்கம் குனிந்தாள். "நைனா, லேசுல எதுவும் புடிக்காதவங்களத்தான் அப்டி சொல்லுவாங்க. நீ பேசாம இரு."

பஜ்ஜித் தட்டை அந்த அம்மா பக்கம் நகர்த்தினேன்.

"வீட்ல கலந்துகிட்டு சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பதற்கு டிக்‌ஷனரி தேவையில்லை.

பஜ்ஜி நிறைய மீந்திருக்கிறது. செஞ்சிப் பக்கம் இருப்பவர்கள் வரலாம். வருபவர்கள் இங்கிலீஷில் எதுவும் கேட்க வேண்டாம்.

அவர்கள் கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். மகள் முறைத்ததால் விழுங்கிவிட்டேன். சொல்ல நினைத்தது இதுதான்:

"இதுவரைக்கும் வந்த எல்லாரையும் வேணாம்னு சொன்னவம்மா இவ. உங்க பையனத்தான் புடிச்சிருக்குன்னு சொன்னா."