ஒரு பிள்ளைக்கு ஒரு கோடு

கல்லூரியில் வருடா வருடம் நான் எடுக்கும் கம்ப்யூட்டர் பாடம் அது. வேர் மேலே, கிளைகள் கீழே. வேரைத் தூக்கி உச்சியில் தொங்கவிட்டு அதற்கு மரம் என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, கோவில்பட்டிப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். “ஒரு கட்டத்துக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் வேண்டுமானாலும் வரலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு மேலேயிருந்து ஒரே கோடுதான். இரண்டு வந்தால் அது மரமே இல்லை” என்பேன். பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன்.

அந்தப் பாவத்துக்குத்தான் குலசாமி கோயில் வேலை என் தலையில் விழுந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காட்டுக்கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு வகையறா முழுக்கக் கூடும். இந்தத் தடவை வம்சாவளியைப் பெரிய பிளக்ஸாக அடித்து வைப்பது என்று முடிவாயிற்று. “நீதான் கம்ப்யூட்டர் டீச்சராச்சே” என்றார்கள். வேறு எதற்கும் இவர்களுக்கு என் ஞாபகம் வந்ததில்லை.

பெயர்களைக் கொடுத்தால் கட்டம் கட்டமாகத் தானே வரைந்து தரும் மென்பொருள் ஒன்றில் தட்டிக்கொண்டே போனேன். தாத்தா, பெரியப்பா, அப்பா எல்லாம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தார்கள். தம்பியிடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

தம்பி என் அம்மா பெற்ற பிள்ளை. பெரியப்பா வீட்டில் பிள்ளை இல்லையென்று, பால்குடி மறந்த கையோடு அவனைத் தூக்கி அங்கே கொடுத்துவிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பேசி முடித்தார்களாம். அம்மாவிடம் கேட்டார்களா என்று அவர்களை விசாரிக்க இப்போது இருவருமே உயிரோடு இல்லை. அம்மா வாயைத் திறந்து சொல்லவும் மாட்டாள். கொடுத்த பிள்ளையைக் கணக்கில் சேர்த்துச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொன்னால் வளர்க்கிறவளுக்கு மனசு நோகுமாம். எத்தனை பிள்ளை என்று யார் கேட்டாலும் அம்மா “ஒண்ணு” என்பாள். அவன் அவளைச் சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்தான். எனக்கு மட்டும் முறை மாறவில்லை. எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் நான் அவனுக்கு அக்காதான்.

அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனுக்கு இங்கன இருந்தும் ஒரு கோடு இழுக்க முடியாதா?”

“ஒரு பிள்ளைக்கு ஒரு கோடுதாம்மா. இது அப்படித்தான்.”

“சரி, அங்கனயே போடு. அக்கா பாத்தா வருத்தப்படுவாவ.”

அக்கா என்றது பெரியம்மாவை.

புதியம்புத்தூரில் தையல் யூனிட் நடத்தும் தம்பிக்கும் போன் போட்டுக் கேட்டேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினான். “அம்மாவுக்குக் கீழயே போடுக்கா. சித்தி ஒண்ணும் நினைக்க மாட்டாவ.”

பெரியம்மாவுக்குக் கீழே போட்டேன்.

உத்திரத்தன்று பிளக்ஸ் முன்னால் ஒரே கூட்டம். ஆளாளுக்குத் தங்கள் பெயரைத் தேடிப் பிடித்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. பொங்கல் அடுப்பில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை ஒடித்து ஒடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“எம் பிள்ளை எங்கன இருக்கான், காட்டு.”

காட்டினேன். அந்தக் கட்டத்தைத் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு விரல் பக்கத்துக்கு நகர்ந்தது.

“இது யாரு?”

“அம்மா.”

“அவளுக்குக் கீழ?”

“நான்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் பெரியம்மா.”

சிரிப்பு போய்விட்டது. “என்னட்டி படிச்சுக் கிழிச்ச? ரெண்டு பெத்தவளுக்கு ஒண்ணப் போட்டு வச்சிருக்க! அவ குடுக்காட்டா எனக்கு ஏதுட்டி பிள்ளை?”

“நீங்க வருத்தப்படுவீங்களோன்னு…”

“நானா? எங்கிட்ட யாரு வந்து கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. அடக் கொடுமையே, இத்தனை வருடமும் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இல்லாத ஒரு வருத்தத்துக்குப் பயந்து என் அம்மா தன் பிள்ளையின் வாயால் சித்தியாகவே இருந்து தீர்த்துவிட்டாள். மென்பொருள் மறுத்தால் என்ன, மார்க்கர் பேனா மறுத்திருக்குமா? ஒரு கோடு.

பெரியம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக் கத்தினாள். “ஏட்டி, இங்கன வா!” முந்தானையில் கையைத் துடைத்தபடி அம்மா வந்தாள். போட்டோ எடுத்துக்கொண்டிருந்த தம்பியையும் பெரியம்மா கையைப் பிடித்து இழுத்து அவள் முன்னால் நிறுத்தினாள்.

“ஏலே, அவள அம்மான்னு கூப்பிடு. நான் சொல்லுதேன்லா, கூப்பிடு.”

“அதெல்லாம் எதுக்குக்கா, இருக்கட்டும்” என்றாள் அம்மா. ஆனால் போகவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

“சித்தி…” என்றுதான் வந்தது.

“என்னய்யா” என்றாள் அம்மா.