ருக்னுதீனின் மூக்கடைத்த பத்து நாள்

மலாயாவின் சிகாமட்டில் நெய் விற்றவர்கள் நாலைந்து பேர். நெய்யை மோந்து பார்த்து விற்றவர் ருக்னுதீன் ஒருவர்தான். நாகூரிலிருந்து இருபது வயதில் கப்பலேறி வந்தவருக்குக் கைமுதல் அந்த மூக்குதான். புறங்கையில் ஒரு சொட்டைத் தேய்ப்பார், கண்ணை மூடுவார், ஓர் இழுப்பு இழுப்பார். அவர் தலையசைத்தால் ஊர் வாங்கும். அந்தக் கர்வம் அவருக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் பத்து நாள் விடாத மழை. ஊர் முழுக்கச் சளி. கொடி காட்டும் நேரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தும்மியதில், ரயில் போகலாமா கூடாதா என்று டிரைவர் குழம்பிப்போனார். ருக்னுதீன் மூக்கும் இறுக அடைத்துக்கொண்டது. அந்த வாரம் பார்த்தா சிங்கப்பூரிலிருந்து நாற்பது டின் நெய் வந்து இறங்க வேண்டும்?

"மூக்கடைப்பு, நாலு நாள் கழித்துப் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மானம் என்னாவது? பத்துப் பேர் பார்க்கப் புறங்கையில் தேய்த்தார், கண்ணை மூடினார், வாயால் மூச்சு விட்டுக்கொண்டார். "அருமை லா!" என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்.

டின்கள் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் வந்ததும் மனைவி ஜெய்னம்பு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இது காறிப்போன நெய்ங்க."

"உனக்குச் சளி பிடிச்சிருக்கு. அதான் எல்லாம் நாறுது."

"ஒரு தும்மல்கூட வரலையே எனக்கு!"

"உள்ளுக்குள்ள பிடிச்சிருக்கும். பேசாம இரு."

அன்று முதல் மூன்று வேளையும் அவளுக்கு மிளகுக் கஷாயம். இல்லாத சளிக்கு மருந்து குடித்து நெஞ்செரிச்சல் வாங்கிக்கொண்டாள், பாவம்.

நெய் என்னவோ அமோகமாக விற்றது. விற்றவர் மூக்கும் அடைப்பு, வாங்கியவர் மூக்கும் அடைப்பு. சாப்பாட்டுக்கடை செல்லப்பன் ஆறு டின் எடுத்துப் பருப்புச் சோற்றில் தாராளமாக ஊற்றினார். சாப்பிட்டவர்கள் இன்னொரு கரண்டி கேட்டார்கள்.

பதினோராம் நாள் வெயில் வந்தது. மூக்குகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் ஓடிவந்தவர் செல்லப்பன்.

"அலமாக் பாய்! கடையில செத்த எலின்னு காலையில இருந்து தேடுறேன். கடைசியில பார்த்தா உங்க நெய்!"

அவருக்குப் பின்னால் டின்னும் தூக்குச்சட்டியுமாக ஒரு கூட்டம். ருக்னுதீன் ஒரு டின்னைத் திறந்து மோந்தார். அவர் மூக்கும் அன்றுதான் திறந்திருந்தது. அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பத்துப் பேர் பார்க்கப் புகழ்ந்த சரக்கை எந்த முகத்தோடு திருப்பி அனுப்புவது? எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்தார். ஒரு சளிக்கு நாற்பது டின் நெய் போனது. அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் கஷாயக் கதை ஊருக்குள் பரவிவிட்டது.

மறுமாதம் புதுச் சரக்கு வந்தது. ருக்னுதீன் மோந்து பார்த்து, நல்ல நெய் என்று தலையசைத்தார். செல்லப்பன் டின்னைத் தொடாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க பாய். உள்ள அவங்க என்ன சொல்றாங்க?"

ருக்னுதீனுக்குக் காது சிவந்தது. பன்னிரண்டு வருஷம் இந்த ஊருக்கு மோந்து கொடுத்த மூக்கு! கோபத்தை விழுங்கிக்கொண்டு, கிண்ணத்தில் நெய்யோடு உள்வாசல் திரைச்சீலைக்குப் போனார். வளையல் கை ஒன்று நீண்டு வாங்கிக்கொண்டது. கடையே மூச்சடக்கி நின்றது, அவரும்தான்.

"நல்லா இருக்கு. அண்ணனுக்கு ரெண்டு டின் கொடுங்க" என்றது ஜெய்னம்புவின் குரல்.

செல்லப்பன் டின்களைத் தூக்கிக்கொண்டு, திரைச்சீலையைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். ருக்னுதீன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.